குளிருக்கும் அடங்காத விருந்தாளி: செல்லுக்குள் லிஸ்டீரியா

குளிர்பதனப் பெட்டிக்குள் போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அடங்கிவிடும். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் அடங்காது. 4 டிகிரி செல்சியஸிலும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி, 200க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. கர்ப்பிணிகளைத் தாக்கினால் கருவே கலைந்துபோகலாம்.

இது குடலைத் தாண்டுவது எப்படி? ஆய்வகத்தில் மனிதக் குடல் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த காக்கோ-2 செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் பாக்டீரியாவை விடுகிறார்கள். சற்று நேரம் கழித்து ஜென்டாமைசின் மருந்தை ஊற்றுகிறார்கள். அம்மருந்து செல்லுக்குள் எளிதில் புகாது. அதனால் வெளியே நிற்பவை மடியும், உள்ளே புகுந்தவை பிழைக்கும். பிறகு செல்களை உடைத்து, அந்தச் சாற்றை அகார் என்னும் வளர்ப்புக் கூழில் பரப்பினால், மறுநாள் முளைக்கும் புள்ளிகளை எண்ணியே எத்தனை பாக்டீரியா உள்ளே நுழைந்தன என்று கணக்கிடலாம். இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு சொல்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

உள்ளே போனதும் பாக்டீரியா ஒரு சவ்வுப் பைக்குள் மாட்டிக்கொள்ளும். லிஸ்டீரியோலைசின் என்னும் நஞ்சால் பையைத் துளைத்து வெளியேறும். அடுத்தது அபாரம்: செல்லின் சொந்த ஆக்டின் புரதத்தையே தன் பின்புறம் வால்போல் அடுக்கிக்கொண்டு, அந்த உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குள் பாய்கிறது. வெளியே வராமலே பரவுவதால் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அதைத் தொட முடிவதில்லை.

நெடுநாள் ஒரு புதிர் இருந்தது. வாய்வழி கொடுத்தால் எலிகளுக்கு இந்நோய் எளிதில் வருவதில்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கோசார், மார்க் லெக்குவி குழுவினர் 1999இல் விடை கண்டனர். லிஸ்டீரியாவின் இன்டர்னலின் புரதம், குடல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரினைப் பற்றியே நுழைகிறது. ஈ-கேட்ஹெரினின் 16ஆவது இடத்தில் மனிதருக்கும் கினிப்பன்றிக்கும் இருப்பது புரோலின். எலிக்கு குளூட்டாமிக் அமிலம். அந்த ஓர் அமினோ அமிலம் மாறியதால் பிடி நழுவுகிறது. எலியின் குடலில் மனித ஈ-கேட்ஹெரினை உருவாக்கியபோது, 2001இல், அந்தத் தடையும் விலகியது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பெட்டியில் வைத்த இறைச்சி உணவை ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே பரிமாறுங்கள்.