பாலாற்று முகத்தில் ரோமானியச் சாடி

ரோமானியர் என்றதும் கொலோசியம் நினைவுக்கு வரும். நம் செங்கல்பட்டுக் கடற்கரையில் அவர்கள் எழுப்பிய தூணோ மண்டபமோ எதுவும் இல்லை. ஆனால் அவர்களது சாடி உடைந்து கிடந்த ஊர் உண்டு: வசவசமுத்திரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தையும் தாண்டி, பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள சிற்றூர்.

1970-ஐ ஒட்டி மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகளும், செங்கல் தொட்டிகளும், ஆம்போரா என்னும் ரோமானியச் சாடியின் துண்டுகளும் கிடைத்தன. இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, பம்பரம்போல் கூம்பிய அடி. தரையில் நிற்காது, கப்பலில் நெருக்கி அடுக்கத்தான் அந்த வடிவம். மது, ஆலிவ் எண்ணெய், மீன் சாறு எல்லாம் இதில்தான் பயணம் செய்தன. கசியாமலிருக்க மதுச் சாடிகளின் உட்புறம் பிசின் பூசுவார்கள்.

சரி, இந்தியாவில் வேறெங்கும் அவர்கள் கட்டடமே கிடையாதா? பழைய ரோமானிய வரைபடம் ஒன்று கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறி அருகே அகஸ்டஸ் கோயிலைக் காட்டுகிறது. இன்றுவரை யாரும் அதைக் கண்டெடுக்கவில்லை.

பாலாற்றங்கரையில் கிணறு வெட்டும்போது இப்படிப் பழைய சாடித் துண்டு தென்பட்டால், எறிந்துவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.