அட்டைக்கும் மூச்சு வேண்டும்

போன மாதம் கொட்டாஞ்சேனைக் கடைக்கு ஒரு தம்பி வந்தார். கட்டாரில் பன்னிரண்டு வருடம் உழைத்துச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. "நானா, நாலு பேர் கூட்டுச் சேர்ந்து மன்னார்ப் பக்கம் கடலட்டைப் பண்ணை போடப் போகிறோம். கணக்கை ஒருக்கால் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். குஞ்சு விலை, வலை, காவல் கூலி, ஹொங்கொங் விலை எல்லாம் இருந்தன. தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு என்று அளக்கும் செலவு மட்டும் இல்லை. சொன்னதும் தம்பி சிரித்தார். "கடலில் காற்றுக்கா பஞ்சம், நானா?"

பஞ்சம் வரும் வாசகர்களே. நம் கடலின் மேல்தண்ணீரில் சாதாரணமாக லீற்றருக்கு 6 மில்லிகிராம் அளவில் ஒட்சிசன் கரைந்திருக்கும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கடலடி உயிர்களுக்கு ஆபத்து. கழிவும் உரமும் கலந்தால் பாசி பெருகும். பாசி செத்து அடியில் படியும். அதை அழுகவைக்கும் பக்டீரியாக்கள் ஒட்சிசனைத் தின்றுவிடும். தண்ணீர் சூடானால் ஒட்சிசன் கரைவதும் குறையும்.

அப்போது மீன் நீந்தித் தப்பிவிடும். நண்டும் இறாலும் சீக்கிரம் தாக்குப்பிடிக்க முடியாமல் போகும். மட்டி, சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் சமாளிக்கும். சேற்றில் புதைந்திருப்பவை மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். கடலட்டையோ வால்பக்கத் துவாரத்தால் தண்ணீரை உள்ளிழுத்துச் சுவாசிக்கிற பிராணி. ஊர்ந்து போகலாம் என்றாலும் சுற்றிலும் நாம் கட்டிய வலை நிற்கிறதே!

இது ஏட்டுக் கதை அல்ல. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், மண்டபம் கரைக்கு அண்மையில், 2019 செப்டெம்பரில் 'நொக்டிலூகா' என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாக மாறியது. அங்குள்ள மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். ஒட்சிசன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போய், மீன்கள் செத்து ஒதுங்கின. அசைய முடியாத பவளங்களும் மடிந்தன. வேகமாக வளரும் கொம்புப் பவளங்களுக்கே சேதம் அதிகம். 2008 ஒக்டோபரிலும் அதே வளைகுடாவில் இப்படி நடந்திருக்கிறது. கடலுக்கு அக்கரை, இக்கரை என்ற எல்லை கிடையாது.

வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. அங்கே திறந்த கடல். அலையும் நீரோட்டமும் தண்ணீரைக் கலக்கிவிடும். ஓட்டமில்லாத களப்பில் அந்த வசதி இல்லை. ஆகவே இடம்தான் முதலில் பார்க்க வேண்டிய முதலீடு.

தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்று, விடியற்காலையில் அளந்து பாருங்கள். இரவில் பாசியும் சுவாசிப்பதால் அப்போதுதான் ஒட்சிசன் ஆகக் குறைவு. மத்தியானக் கணக்கு ஏமாற்றும். இரண்டு, அடித்தண்ணீரை அளக்க வேண்டும். அட்டை வாழ்வது அடியில்தானே. மூன்று, ஆசைப்பட்டுக் குஞ்சுகளை நெருக்கி விடாதீர்கள். நான்கு, முழு முதலையும் ஒரே அடைப்பில் போடாதீர்கள். ஐந்து, நெக்டாவின் அனுமதி இல்லாமல் ஒரு கம்பும் நடாதீர்கள். அந்த இடத்தின் தண்ணீரைப் பற்றி காக்கைத்தீவிலுள்ள நாரா நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

அட்டை விலைக்கு வளரப் பல மாதம் வேண்டும். சாவதற்கு ஓரிரு இரவு போதும். பிறகு கைசேதப்பட்டு என்ன பலன்?

தம்பி இன்னும் காசைக் கொடுக்கவில்லை. மன்னாரில் ஒரு கிழமை தங்கி, சுபஹுக்குப் பின் தண்ணீரை அளந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். பன்னிரண்டு வருட உழைப்புக்கு ஒரு கிழமை பொறுத்திருப்பது பெரிய செலவல்ல.