இரண்டு மொழி பேசினால் மறதி தள்ளிப்போகுமா?

மேகமலை அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், வீட்டுத் திண்ணையில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பாட்டி, சந்தைக்கு வந்ததும் தமிழில் பேரம் பேசுவார். குமுளிப் பக்கம் போனால் மலையாளமும் தலைகாட்டும். இது மூளைக்கு நல்லதா?

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட இருமொழிக்காரர்களுக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் இருந்ததால், படிப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எப்படி? ஒரு மொழியில் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. அதன் சொல்லும் நாக்கு நுனிக்கு வரத் துடிக்கும். அதை அடக்கிச் சரியான சொல்லை எடுப்பது மூளைக்கு ஓயாத பயிற்சி. இப்படி ஒரு ‘சேமிப்பு’ உருவாகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மலைச்சாலையில் மண் சரிந்தாலும் ஒற்றையடிப் பாதை தெரிந்தவர் ஊர் சேர்வதுபோல, சில செல்கள் பழுதானாலும் மூளை மாற்றுவழியில் சமாளிக்கிறது.

இது நோயைத் தடுக்கும் மருந்தல்ல; எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவும் இல்லை. தினசரி நடை, கட்டுக்குள் இரத்த அழுத்தம், புகையிலைக்கு விடை, இவற்றோடு திண்ணைப் பேச்சும் தொடரட்டும்!