விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் வரட்டும்: பென் டிரைவில் இரண்டாவது ஓஎஸ்... அந்த ஒரு ஸ்க்ரீனில் மட்டும் கவனம்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், 'டிபிஎம் 2.0' வேண்டும், ஓரளவு புதிய பிராசஸர் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பை அதற்காகத் தூக்கிப்போட முடியுமா? பலர் லினக்ஸ் பக்கம் பார்ப்பது இதனால்தான்.

ஆனால் டேலி, பழைய பிரின்டர் என்று விண்டோஸும் தேவைப்படுகிறதே? இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் 'டூயல் பூட்'. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பயன்பெற்ற பலருக்கு இது புதுசு இல்லை. விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்ததே, அதேதான்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து, 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் அதில் எழுத வேண்டும். சும்மா காப்பி-பேஸ்ட் பண்ணினால் பூட் ஆகாது. பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி டிரைவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போய், 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து ஒரு 50 ஜிபி இடம் ஒதுக்குங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் ஆஃப் செய்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுசாக ஷட் டவுன் ஆகாது, அரைத்தூக்கத்தில்தான் இருக்கும்.

பலர் கோட்டைவிடுவது 'பிட்லாக்கர்' விஷயத்தில். உங்கள் டிஸ்க் உங்களுக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருக்கலாம். பூட் செட்டிங்கில் கைவைத்ததும் விண்டோஸ் திடீரென 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லை என்றால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே கிடைக்காது. எனவே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் அந்த கீயைத் தேடி எடுத்து, பேப்பரில் எழுதி வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

இனி லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பூட் மெனு போக வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. பென் டிரைவைத் தேர்வு செய்ததும் லினக்ஸ் திறக்கும். உடனே இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். இன்ஸ்டால் செய்யாமலே அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, சவுண்ட் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று அரை மணி நேரம் சோதியுங்கள். சரிவரவில்லையா? பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் லேப்டாப் பழையபடி இருக்கும்.

சரி, இன்ஸ்டால் செய்யத் தொடங்கியாச்சு. மொழி, கீபோர்டு எல்லாம் கேட்ட பிறகு வரும் அந்த ஸ்க்ரீன்தான் முக்கியம். 'இன்ஸ்டால் அலாங்சைடு விண்டோஸ்' என்று ஒன்று, 'எரேஸ் டிஸ்க்' என்று ஒன்று. நமக்கு வேண்டியது முதலாவது. ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஒருவன் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போய் இரண்டாவதைக் கொடுத்துவிட்டான். ஃபைனல் இயர் புராஜெக்ட், அவன் அக்கா கல்யாண போட்டோ எல்லாம் போச்சு. புராஜெக்டைத் திரும்பச் செய்துவிட்டான், போட்டோ கிடைக்கவே இல்லை. எனவே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்காமல் இந்த ஸ்க்ரீன் வரை வரவே வராதீர்கள். 'அலாங்சைடு' ஆப்ஷன் வரவில்லை என்றால் இன்ஸ்டாலை அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஊகித்து எதையும் கிளிக் பண்ண வேண்டாம்.

மற்றதெல்லாம் அதுவாக நடக்கும். அடுத்த முறை ஆன் செய்யும்போது எந்த ஓஎஸ் வேண்டும் என்று மெனு கேட்கும். பேங்கிங், மெயில் எல்லாம் லினக்ஸில் வைத்துக்கொண்டு, ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-ஐ முடிந்தவரை நெட் இல்லாமல் பயன்படுத்துங்கள்.

விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பதற வேண்டாம், வைரஸ் இல்லை. லினக்ஸ் கணினியின் கடிகாரத்தில் சர்வதேச நேரத்தைப் பதிந்து வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். டேட் அண்ட் டைம் செட்டிங்கில் 'சிங்க் நவ்' கொடுத்தால் சரியாகிவிடும்.