உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஆண்டில் இரண்டு கோப்பை!

2019-இல் இந்தியக் கால்பந்தின் ஐ-லீக் பட்டமும், மகளிர் லீக் பட்டமும் தமிழ்நாட்டுக்கே வந்தன. இடைவெளி வெறும் இரண்டரை மாதம்!

• ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி அணி. 1946-இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் பிறந்த பழைய கிளப் இது. பெயரில்தான் சென்னை. சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது கோவை நேரு ஸ்டேடியத்தை.

• மார்ச் 9, கடைசி ஆட்டம். தோற்றால் பட்டம் கைநழுவக்கூடும். எதிரணியான மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல் அடித்தார். 3-1! கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது சென்னை.

• மே 22, லூதியானா. மணிப்பூர் போலீஸ் அணியை அதே 3-1 கணக்கில் வீழ்த்தி மகளிர் பட்டத்தை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. அப்போது அந்த கிளப்புக்கு வயது மூன்றுதான்.