விரல்களைக் கோத்தால் ஆபத்து: மற்போரில் எந்தக் கைப்பிடி சிறந்தது?

திருவனந்தபுரம்: கிழக்குக்கோட்டையில் 1956-இல் நிறுவப்பட்ட சி.வி.என். களரி, களரிப்பயட்டு கற்பிக்கும் புகழ்பெற்ற பயிற்சிக்கூடமாகும். இக்கலையில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி ஆகிய நிலைகளுக்குப் பின்னரே ஆயுதமின்றிப் போரிடும் 'வெறுங்கை' கற்பிக்கப்படுகிறது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்ற ஜியு-ஜிட்சுவிலும் வெறுங்கைப் பிடியே அடிப்படை.

எதிராளியின் உடலைச் சுற்றிக் கைகளைப் பூட்டும்போது, புதியவர்கள் பெரும்பாலும் விரல்களைக் கோத்துக்கொள்கின்றனர். எதிராளி திமிறினால் விரல்கள் முறியக்கூடும். கையை உடனே விடுவிக்கவும் இயலாது.

நெருக்கமாக அணைத்திருக்கும்போது, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டிவைத்து, உள்ளங்கைகளைக் குறுக்காகச் சேர்த்து இறுக்கும் பிடி உறுதியானது. எதிராளியின் உடல் பருமனால் உள்ளங்கைகள் எட்டாவிடில், இரு கைகளின் நான்கு விரல்களையும் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் பிடி உதவும். அதாவது, கைகளுக்கு இடையிலான தொலைவே பிடியைத் தீர்மானிக்கிறது.