தந்தியை விழுங்கும் கேமரா

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் கைபேசி செய்யத் தொடங்கியது. 2014-இல் அது மூடப்பட்டாலும் கைபேசித் தொழில் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. 2019-இல் அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் பொருத்தப்பட்டு வெளிவந்தது ஐஃபோன் எக்ஸ்ஆர். பின்பக்கம் ஒரே லென்ஸ்தான் என்றாலும், ஆளை மட்டும் தெளிவாக நிறுத்திப் பின்னணியைக் கரைத்துவிடும் 'போர்ட்ரெய்ட்' வசதி அதில் இருந்தது. பெரிய கேமராவும் கனமான லென்ஸும் செய்துவந்த வேலையைச் சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி செய்யத் தொடங்கியதும், உருவப்படம் எடுக்கத் தனியாக ஒரு புகைப்படக்காரர் எதற்கு என்ற எண்ணம் பரவிவிட்டது. பிறந்தநாள் படத்துக்கு அந்த எண்ணம் சரி. வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சங்கீத வித்வானுக்கு அது சரிப்படாது. அதற்கான காரணங்களை ரசனையில் தேட வேண்டாம், ஒளியியலிலும் கணக்கிலுமே இருக்கின்றன.

முதலில் தூரம். அகன்ற லென்ஸ் மூக்கைப் பெரிதாக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பெரிதாக்குவது லென்ஸ் அன்று, அருகில் போய் நிற்பதுதான். எக்ஸ்ஆரின் லென்ஸ் பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 26 மில்லிமீட்டர் அளவுடையது; அதில் ஓர் ஆள் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் கிட்டே போயே ஆக வேண்டும். வீணை ஏறக்குறைய நான்கடி நீளம்; ஒரு முனையில் குடம், மறுமுனையில் யாளி முகம். வித்வான் சற்றுத் திரும்பி உட்கார, குடம் கேமராவுக்கு மூன்றடியிலும் யாளி முகம் ஆறடியிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாளிப் பக்கம் உள்ளவை தம் அளவில் பாதியாகச் சுருங்க, குடம் மட்டும் பூதாகாரமாக முன்னால் வந்து நிற்கும். அதே ஆளைப் பன்னிரண்டடி தள்ளி நின்று எடுத்தால் விகிதம் பன்னிரண்டுக்குப் பதினைந்து. குடம் கால் பங்குதான் கூடுதலாகத் தெரியும். வீணை வீணையாக இருக்கும். நாகஸ்வரத்தின் கதி இன்னும் மோசம். அதன் அகன்ற முனையான அணசு கேமராவை நோக்கியே நீள்வதால், பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் அணசு பெரிதாகவும் அதற்குப் பின்னால் முகம் சிறிதாகவும் விழுகிறது. உருவப்படக்காரர்கள் 85 முதல் 135 மில்லிமீட்டர் லென்ஸை நாடுவது, தள்ளி நின்றும் சட்டத்தை நிறைக்க அது உதவுவதால்தான்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம். ஒரே லென்ஸ் உள்ள கைபேசிக்கு எது அருகில், எது தொலைவில் என்று எப்படித் தெரிகிறது? ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டிக் கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். பக்கத்தில் உள்ளது அதிகம் நகரும், தூரத்தில் உள்ளது குறைவாக நகரும். கைபேசியின் உணரியில் உள்ள ஃபோக்கஸ் புள்ளிகள் லென்ஸின் இரு பாதிகள் வழியாக இதே வேலையை மிகச் சிறிய அளவில் செய்கின்றன. ஒரு பாதி கண்டதும் மறுபாதி கண்டதும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து ஆழம் கணக்கிடப்படுகிறது. ஆனால் விலகலை அளக்க, இந்தப் படத்தில் உள்ள எந்தப் புள்ளி அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று அடையாளம் காண வேண்டும். ஒரே மாதிரியான பொருள்கள் வரிசையாக நின்றால் அடையாளம் குழம்பும். வீணையில் ஒன்றைப்போல் ஒன்றாக இருபத்துநான்கு மெட்டுகள். தம்பூராவில் அருகருகே நான்கு தந்திகள். விலகும் திசையிலேயே ஒரு கோடு ஓடினால் விலகலே கண்ணுக்குப் படாது. கிடையாகப் பிடித்த புல்லாங்குழலும் நேராக நிமிர்ந்த தம்பூராத் தந்தியும், கைபேசியைப் பிடிக்கும் வாக்குக்கு ஏற்ப, அந்த நிலையில் மாட்டிக்கொள்ளக் கூடியவை. போதாததற்கு, எக்ஸ்ஆரின் போர்ட்ரெய்ட் வசதி மனிதரை அடையாளம் கண்டால்தான் இயங்கும். முகம், தலைமுடி, தோள் என்று கற்றுக்கொண்ட மென்பொருளுக்குத் தம்பூராவின் தண்டி மனிதரின் பாகமாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆகவே அதையும் பின்னணியோடு சேர்த்துக் கரைத்துவிடுகிறது. பாடகி தெளிவாக இருப்பார், தோளுக்கு மேலே தம்பூரா பாதியில் காணாமல் போயிருக்கும்.

கைபேசிகள் ஆண்டுதோறும் முன்னேறுகின்றனவே, இந்தக் குறை நாளை தீராதா என்று கேட்கலாம். தந்தி விழுங்கும் குறை பெருமளவு தீரும்; பல லென்ஸ் கொண்ட கைபேசிகளில் இப்போதே குறைந்துவிட்டது. ஆனால் வீணைக்காரருக்குக் கரைந்த பின்னணிதான் வேண்டும் என்று முடிவு செய்தது யார்? விரல் நிற்கும் மெட்டும், எதிர்க்கோடியில் யாளியும், இடையில் முகமும் ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டிய படம் அது. தேர்ந்த புகைப்படக்காரர் லென்ஸின் துளையைச் சுருக்கி எல்லாவற்றையும் கூர்மையாக்குவார். பின்னணியை வெளிச்சத்தாலும் இடைவெளியாலும் பிரிப்பார். மெருகேற்றிய பலா மரமும் காஞ்சிப் பட்டின் சரிகையும் நேர் ஃபிளாஷுக்கு வெள்ளைத் திட்டாகி விவரம் இழப்பவை; மிருதங்கத்து வலந்தலையின் கறுப்பு வட்டமோ அதே படத்தில் இருளில் மூழ்கும். பெரிய, மென்மையான விளக்கைப் பக்கவாட்டில் வைத்து இரண்டையும் காப்பாற்றுவது ஒரு கைத்தொழில். இதை எந்த மென்பொருளும் படம் எடுத்த பிறகு செய்துவிட முடியாது, ஏனென்றால் வெளுத்துப்போன சரிகையில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

கச்சேரியில் எடுத்த படமே இயல்பானது, ஸ்டூடியோப் படம் பொம்மை என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை உண்டு. காற்று ஊதாமல் சீவாளியை உதட்டில் வைத்துக் காட்டும் நாகஸ்வரக்காரரின் கன்னம் பொய் சொல்லிவிடும். ஆனால் மேடைப் படத்தில் முகத்துக்குக் குறுக்கே மைக் நிற்கிறது. தலைக்கு நேர் மேலான விளக்கு கண்களைக் குழிகளாக்குகிறது. செய்திக்கு அது போதும். ஸ்டூடியோவிலும் உண்மையாக வாசிக்கச் சொல்லலாம், காத்திருக்கலாம். ஆகாரத்தின் நடுவே வாய் கோணிய நொடியை விட்டு, ஸ்வரத்தில் வந்து அமர்ந்த நொடியைப் பிடிக்க ராகம் தெரிந்த காது வேண்டும். புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங், தபலா மேதை ஜாகிர் உசேனைப் பற்றி 1986-இல் வெளியிட்ட புத்தகம், பல பருவங்கள் அவரோடு பயணம் செய்து சேர்த்த படங்களால் ஆனது. உருவப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் 1954-இல் பிரான்ஸின் பழைய மடாலயம் ஒன்றில் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸை முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். முகமே தெரியாத அந்தப் படம் கசால்ஸின் மிகப் புகழ்பெற்ற உருவப்படங்களில் ஒன்று. எங்கே நிற்பது என்று தீர்மானித்ததுதான் அங்கே கலை.

காதுக்கான கலைக்குப் படம் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல், தியாகராஜர் மறைந்தது 1847-இல். கேமரா எட்டாமல் போனதால் அவர் முகத்தை ஓவியர்களின் கற்பனையில்தான் வணங்குகிறோம். இன்று கேமராவுள்ள கைபேசி நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே லட்சக்கணக்கில் தயாராகிறது. மார்கழி விளம்பரங்களில் முன்னணிப் பாடகர்களுக்கு நல்ல படங்கள் வருகின்றன. கோயில்களில் நின்று வாசிக்கும் நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்கோ கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த மங்கலான முகம்தான் ஃபிளெக்ஸில் கிடைக்கிறது. அவர்கள் கலையில் குறைவு எதுவும் இல்லை. ஒருவரும் அவர்களை உட்காரவைத்து நேரம் ஒதுக்கிப் படமெடுக்கவில்லை என்பதே குறை.

செலவு ஒரு தடை என்றால், இந்த வட்டாரத்தில் அதற்கும் வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை கலை, பண்பாட்டுப் பாதுகாப்பையும் மரபுக் கலைகளின் வளர்ச்சியையும் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும், சுங்குவார்சத்திரத்தில் கைபேசியும் செய்யும் நிறுவனங்களுக்குப் படமெடுக்கும் செலவு பொருட்படுத்தத்தக்க தொகையே அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜருக்கு ஒவ்வொரு சித்திரைத் திருவாதிரைக்கும் உற்சவம் நடக்கிறது. அடுத்த உற்சவத்துக்குள் சுற்று வட்டாரக் கோயில்களில் வாசிக்கும் ஒவ்வொரு மேளக்காரருக்கும் தேர்ந்த புகைப்படக்காரரைக் கொண்டு ஓர் உருவப்படம் எடுங்கள். படத்தின் பின்னால் அவர் பெயர், ஊர், குரு பெயர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு பிரதி அவர் வீட்டுக்கும், ஒன்று கோயில் அலுவலகத்துக்கும், ஒன்று அரசு இசைக் கல்லூரிக்கும் போகட்டும்.